முட்டாக்கும் முக்காடும்

அத்தையின் ஞாயிற்றுக்கிழமைச் சேலை எங்கள் மொட்டைமாடிக் கொடியில் காய்கிறது. சந்தன நிறம், மெல்லிய நீலக் கரை, என் சின்ன வயதிலிருந்து அதே சேலை. எத்தனை முறை துவைத்தாலும் போகாத இரண்டு தேங்காயெண்ணெய்க் கறைகள் அதன் முந்தானைப் பக்கம் இருக்கின்றன. ஒன்று கரையை ஒட்டி, மங்கிப்போய், பழுத்த இலையின் மஞ்சளில். மற்றது நாலு விரல் தள்ளி உள்ளே, அகலமாக, இன்னும் ஈரம்தானோ என்று தொட்டுப் பார்க்கத் தூண்டுவதாக. வெயில் துணிக்குள் புகுந்து வரும்போது இரண்டும் துலக்கமாகத் தெரிகின்றன. திண்டுக்கல் வெயிலுக்கு எதையும் மறைத்துவைக்கத் தெரியாது.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஆரம்பப் பள்ளி டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அம்மா போனபின் என்னையும் தம்பியையும் வளர்த்தது அவள்தான். மாதா கோயிலில் பெண்கள் பக்கத்தில் இரண்டாவது பெஞ்சு அவளுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனாலும் அங்கே வேறொருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முந்தானை தலைக்கு ஏறிவிடும். உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நீலக் கரை, அதற்கு முன்னால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி, அதற்கும் முன்னால் அந்த அகலமான, எதற்கும் அஞ்சாத நெற்றி. அதற்குப் பெயர் முட்டாக்கு. பாவாடை கட்டும் வயதில் ஒருநாள் நான் துப்பட்டித் துண்டொன்றைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அத்தை பிடரியைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏ கழுத, கோழி திருடவா போற? மேல ஏத்து."

"முட்டாக்குதான அத்தை போட்டுருக்கேன்?"

"இதா முட்டாக்கு? இது முக்காடுடி. முட்டாக்கு போட்டா நான் சாமியப் பாக்கலாம். முக்காடு போட்டா ஊரு என்னயப் பாக்க முடியாது. ரெண்டும் ஒண்ணாம்ல, ஒண்ணு!"

அகராதியைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்கிறது. ஒரே துணி, ஒரே தலை. அத்தையின் கணக்கில் மட்டும் ஒன்று வணங்கப் போட்டுக்கொள்வது, மற்றது ஒளியப் போட்டுக்கொள்வது. இழுக்கிற கை எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது எல்லாம். நான் வார்த்தைகளோடு பிழைக்க வந்தவள். எத்தனையோ வார்த்தைகளை உரசிப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டை மட்டும் உரச முடிந்ததில்லை. தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டுகிறது.

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்பு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று தொடர்ந்து மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பு. எனக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். அப்பா காது கொடுக்கவில்லை. முதல் ஓலை வாசித்தபோது அத்தை என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். இரண்டாம் ஓலையன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மனசு நத்தத்தில் இருந்தது. அங்கே ஒரு மாம்பழ மண்டிக்காரர் மகன் எனக்காகக் காத்திருந்தார். மூன்றாம் ஓலைக்கு முன்பே நான் பஸ் ஏறிவிட்டேன். பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டோம்.

அவரைக் கட்டிக்கொண்டதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அதுதான் என் சங்கடமே. வருந்தியிருந்தால், அத்தையின் காலடியில் விழுந்து அழுது தீர்த்திருக்கலாம். என் சந்தோஷத்தின் மறுபக்கத்தில் இன்னொருத்தியின் நெற்றி மூடிக்கிடக்கிறது. சந்தோஷத்தைத் திருப்பிக் கொடுக்காமல் எந்த வாயால் மன்னிப்புக் கேட்பது?

மூன்றாம் ஓலை ஞாயிறைப் பற்றித் தம்பிதான் பிறகு சொன்னான். அப்பா காய்ச்சல் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாமியாரிடம் சொல்லி ஓலையை நிறுத்திவர முந்தின சாயங்காலமே அத்தையை அனுப்பியிருந்தார். ஞாயிறு பூசைக்கு அத்தை வழக்கம்போலப் போனாள், வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓலை வாசிக்கப்பட்டது. என் பெயர், அப்பா பெயர், ஆத்தூர்க்காரர் பெயர். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.

"கோயிலே திரும்பிப் பாத்துச்சுக்கா," என்றான் தம்பி. "எல்லாத்துக்கும் தெரியும்ல நீ போனது. சாமியாருக்கு மட்டுந்தான் தெரியல. அத்தை அசையல. கை மட்டும் மேல போச்சு. சேலைய இம்புட்டுத் தூரம் இழுத்து விட்டுக்கிருச்சு."

இழுத்த சேலை பிறகு ஏறவேயில்லை. அடுத்த வாரம் முதல் அவள் இடம் தூணுக்குப் பின்னால் கடைசி பெஞ்சு. வாசலில் ஒருத்தி கேட்டாளாம்: "என்ன டீச்சரம்மா, ஓலை மூணும் ஆச்சு, பொண்ணத்தான் காணோமாம்ல?" கரும்பலகைக்கு முன்னால் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள், கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

அப்பாவின் சாவுக்குப் பிறகுதான் அந்த வீட்டு வாசலை மிதித்தேன். பின்கட்டில் வெஞ்சனத்துக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள் அத்தை. எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். பிறகு, எத்தனையோ வருடமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"அப்பா சொல்லி விட்டாருல்ல அத்தை? சாமியாருட்ட ஏன் நீங்க சொல்லல?"

அவள் கையிலிருந்த காயை முழுக்க உரித்து முடித்தாள்.

"போனேன்டி. சாமியார் பங்களா கேட்டு வாசல் வரைக்கும் போனேன். சொல்லிட்டா, நீ வரமாட்டேன்னு ஆயிரும்ல? விடியிறதுக்குள்ள வந்துருவன்னு நெனச்சேன். வந்து நிக்கிறப்ப ஓலை நின்னு போயிருந்தா, பிள்ள என்ன செய்யும்?"

அவ்வளவுதான். அடுத்த காயை எடுத்துக்கொண்டாள். தடையை அறிந்த ஒருத்தி இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, நான் திரும்பி வர ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கதவு அவள் விரல்மேல் சாத்தியபோது நான் நத்தத்தில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

இப்போது அத்தை என்னோடு இருக்கிறாள். முழங்கால் வீங்கியிருக்கிறது, ஞாபகம் கூர்மையாக இருக்கிறது. தம்பி மகளுக்குக் கல்யாணம். நேற்று மூன்றாம் ஓலை. "கூட்டிட்டுப் போடி" என்றாள். நான் அந்தக் கோயிலுக்குள் போய் எவ்வளவோ காலம். தம்பி முன்வரிசையில் இடம் பிடித்துவைத்து வந்து கூப்பிட்டான். "இங்கனயே இருக்கோம்ப்பா, காத்து வருது" என்று தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அங்கே காற்று வரவில்லை.

சாமியார் ஓலையை எடுத்தார். பிள்ளையின் பெயர், தம்பியின் பெயர். தடை ஏதும் அறிந்தவர்கள் என்றபோது யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று பார்த்தவர்களில் பாதிப் பேர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்து என் நெற்றியில் பட்டது. சுண்ணாம்புக்கட்டி பிடித்துக் காய்த்த விரல்கள். அப்போதுதான் தெரிந்தது, நான் என் சேலையைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது.

"நீ எதுக்குடி மூஞ்சிய மறைக்கிற?" என்று முணுமுணுத்தாள். என் முந்தானையை ஏற்றி உச்சியில் நிறுத்தி, கலைந்த முடியையும் ஒதுக்கிவிட்டாள். "இப்பப் பாரு. பீடம் தெரியுதா?"

தெரிந்தது. கலங்கலாகத் தெரிந்தது.

"நீங்களும் ஏத்திக்கோங்க அத்தை."

"எனக்கு இது பழகிப்போச்சு. விடு."

நான் கை நீட்டினேன். அவள் மெதுவாக என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பூசை முடியும்வரை விடவில்லை.

காலையில் சேலைக்குச் சோப்பு போட்டபோது உள்ளே இருக்கும் கறையில் நேற்றைய எண்ணெய் புதிதாக வாசமடித்தது. முட்டாக்குக் காலத்துக் கரையோரக் கறைக்கு எண்ணெய் கிடைத்து எத்தனையோ வருடமாகிறது. வெயில் இறங்கிவிட்டது. கீழேயிருந்து அத்தை குரல் கொடுக்கிறாள்: "ஏடி, சேல காஞ்சிருச்சா? கல்யாணத்துக்கு அதத்தான் கட்டணும்." இந்தா வாரேன் என்கிறேன். கொடியிலிருந்து உருவி மடிக்கும்போது, இரண்டு கறைகளுக்கும் நடுவே என் கையை வைத்துப் பார்க்கிறேன். நாலு விரல். அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.