போணி செய்த கை

மலேசியாவில், ஜொகூர் பாரு நகரத்துப் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் கடை வரிசையில் யார் புதிதாகக் கடை திறந்தாலும் முதல் வியாபாரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கைராசி என்று ஒரு பேர். நான் போணி செய்த முடிவெட்டும் கடை இன்றும் நிற்கிறது, தையல் கடை பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அதையெல்லாம் பார்த்து ஜனங்களே கட்டிவிட்ட பேர் அது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். கூப்பிட்டால் போவேன், சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டுவேன், எதையாவது வாங்கிக்கொண்டு வருவேன். ஒரு மளிகைக் கடைக்காரனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

அந்தக் கையால்தான் என் நண்பனை இழந்தேன்.

அவன் பூக்கடைக்காரன். என் கடையிலிருந்து மூன்று கதவு தள்ளி அவன் கடை. இருவரும் கோத்தா திங்கிக்கு அந்தப்பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். ஒரே பேருந்தில் ஜொகூர் பாருவுக்கு வந்தோம், ஒரே தொழிற்சாலையில் வேலைக்கு நின்றோம், பிறகு ஆளுக்கொரு கடை போட்டோம். அவன் கடையின் முதல் மாலையை நான்தான் வாங்கினேன். அதன்பின் இருபது வருஷம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கடைச் சாமிப் படங்களுக்கு அவனே பூ கொண்டுவருவான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் அளப்பான், அதற்கு மேல் நாலு விரற்கடை விட்டுத்தான் நறுக்குவான். எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தான். கேட்டால் சொல்வான்: "மொழம் வியாபாரம் மச்சான். இந்த நாலு வெரலு நம்ம பிரியம்."

என் அம்மா என்னோடுதான் இருந்தார். மதியம் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பார். சாப்பிட உட்கார்ந்தால் இவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அம்மா, இப்பவே சொல்லிட்டேன். ஒங்களுக்கு மால நான்தான் கட்டுவேன். வேற எவன் கட்டுனாலும் எந்திரிச்சு ஒக்காந்துருங்க."

"மொதல்ல தட்டுல இருக்கறத தின்னு முடிடா. நான் சாகறத அப்புறம் பாத்துக்கலாம்லா."

இப்படித்தான் எங்கள் பகல்கள் போயின.

பிறகு ஒரு பெண் வந்தார். மின்னணுச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் வேலை செய்தவர். தொழிற்சாலை மூடிவிட்டது. சின்ன வயதிலிருந்தே கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுத்துப் பழகிய விரல்கள். வரிசையின் கடைசியில் காலியாகக் கிடந்த மூலைக் கடையைப் பேசி வைத்துக்கொண்டு பூக்கடைக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டிருந்தார்.

எங்கள் வரிசையில் எழுதாத ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு தொழிலுக்கு ஒரு கடை. யாரும் கையெழுத்துப் போட்டு வைத்ததல்ல, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. இரண்டாவது பூக்கடை என்ற சேதி வந்த மறுநாள் என் நண்பன் இரண்டு கிளாஸ் டீயோடு என் கடைக்கு வந்தான். வரிசையில் யாருக்கு மலாயில் கடிதம் எழுதவேண்டுமானாலும் நான்தான் எழுதுவேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி, மிச்சத்தைச் செய்தித்தாள் பார்த்துப் படித்துக்கொண்டவன் நான்.

"மச்சான், மாநகர் மன்றத்துக்கு ஒரு லெட்டர் போடணும். இங்க ஏற்கெனவே பூக்கட இருக்கு, ரெண்டாவது வேணாம்னு. எல்லாரும் கையெழுத்து போடறேன்னுட்டாங்க. நீ எழுதுனா போதும்."

நான் டீயைக் கையில் வாங்கினேன். என் மனசு முழுக்க எங்கள் தோட்டத்துக் கடை வந்து நின்றது.

தோட்டத்தில் ஒரே ஒரு கடைதான். அரிசியில் வண்டு நெளிந்தாலும் அதே அரிசி. எண்ணெயில் காறல் அடித்தாலும் அதே எண்ணெய். என் அம்மா அந்தக் கடைக்காரர் முன்னால் நிற்கும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார். வீட்டில் ஒருநாளும் நான் பார்க்காத சிரிப்பு அது. ஒரு தடவை பொந்தியானிலிருந்து ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி வேன் நிறைய துணியும் பருப்பும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து வாசல்வரை வந்தார். கடைக்காரர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் ஒரு வார்த்தை சொன்னார், காவலாளி வாசல் தடுப்புக் கட்டையை இறக்கினான். வேன் திரும்பிப் போவதை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம். அம்மா சொன்னார்: "அந்தாளு உள்ள வந்திருந்தா, இந்தாளும் நம்மகிட்ட சிரிச்சுப் பேசியிருப்பாரு."

நான் படித்த பொருளாதாரம் அந்த ஒரு வாக்கியம்தான்.

முதலாளித்துவம் என்றால் பேராசை என்று மேடையில் பேசுகிறார்கள். நானும் பல மேடைகளைக் கீழே நின்று கேட்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்துக் கடையிலும் பேராசை இருந்தது, குறைவில்லாமல் இருந்தது. இல்லாமல் போனது இன்னொரு கதவு. வாங்க வருகிறவருக்கு "வேணாம், நான் அடுத்த கடைக்குப் போறேன்" என்று சொல்ல முடிந்தால், அவர் யார் முன்னாலும் பொய்யாகச் சிரிக்கவேண்டாம். விற்க வருகிறவரை வாசலில் மறிக்கக் கட்டை இல்லாவிட்டால், அவர் யார் காலிலும் விழவேண்டாம். சுதந்திரச் சந்தை என்று பெரியவர்கள் எழுதுவதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். காசு அப்புறம், முதலில் முதுகு நிமிர்வதுதான்.

இதையெல்லாம் அவனிடம் இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை. சொன்ன விதம்தான் தப்பாகிவிட்டது.

"நான் எழுதமாட்டேன்டா. அந்தம்மாவும் பொழைக்கத்தானே வருது. காலையில அஞ்சு மணிக்கு எத்தன பேரு மோட்டார் சைக்கிள்ல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாங்க? வெள்ளிக்கெழம ஆனா வீட்டுச் சாமிக்குப் பூ இல்லாம போறாங்க. நீ எட்டு மணிக்குத்தான் தொறக்கற. நீயும் அஞ்சு மணிக்குத் தொற. ஒன் கையி யாருக்கு வரும்?"

"ஒன் கடைக்கு எதுத்தாப்ல ஒருத்தன் வந்து தொறந்தா இதே வாயால பேசுவியா நீ?"

"பேசுவேன்."

"பெரிய நீதிபதி. எனக்கு என்ன, வரிசையில ஒரு கட்டுப்பாடு இருக்கு, அதத்தான் கேக்கறேன்."

"தோட்டத்துக் கடக்காரரும் அதத்தானே சொன்னாரு?"

அந்த வார்த்தை வாயை விட்டுப் போன உடனே அதன் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாமா என்று இருந்தது. அதே கடையின் முன்னால் அவன் அம்மாவும் நின்று சிரித்தவர். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"என்னைய அந்தாளோட சேத்துட்டல்ல மச்சான். சரி."

அதோடு கடிதம் நின்றுபோயிற்று. வேறு யாருக்கும் எழுத வராது, வேறு யாரையும் பிடித்து எழுதவைக்க யாரும் மெனக்கெடவில்லை. அந்த வெள்ளிக்கிழமையும் எனக்குப் பூ வந்தது. நாலு விரற்கடை இருந்ததா என்று அளந்து பார்த்தேன். இருந்தது. ஆக, கடிதம் எழுதாததை அவன் பொறுத்துக்கொண்டான். அவன் பொறுக்காதது அடுத்து நான் செய்தது.

கடை திறக்கும் நாளன்று அந்தப் பெண் என்னிடம் வந்து நின்றார். "அண்ணே, ஒங்க கையி ராசின்னு சொல்றாங்க. வரிசையில ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்களாவது போணி பண்ணுங்கண்ணே." அவர் பின்னால் வாளி வாளியாகப் பூ, ஒரு முழம்கூட விற்காமல். நான் யோசிக்கவே இல்லை. நியாயம் பேசினவன், செய்துகாட்டவேண்டாமா என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நோட்டை நீட்டினேன். மல்லிகைப் பையை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், என் நண்பனின் கடையைத் தாண்டித்தானே என் கடைக்கு வரவேண்டும்! அவன் மாலை கட்டிக்கொண்டிருந்தான். பையைப் பார்த்தான். பிறகு என் வலக்கையைப் பார்த்தான். குனிந்து அடுத்த முடிச்சைப் போட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூ வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. சாப்பிடவும் வரவில்லை. அம்மா ஒரு மாதம் வரைக்கும் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டார், பிறகு ஒருநாள் என்னைப் பார்க்காமலே ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் விடியுமுன் கடை திறந்தார். மோட்டார்காரர்கள் வண்டியை நிறுத்தாமலே பையை வாங்கிக்கொண்டு போனார்கள். வாட்ஸ்அப்பில் முந்தின நாளே சொல்லிவைத்துவிடுவார்கள். கேமரன் மலையிலிருந்து காய்கறி கொண்டுவரும் லாரிக்காரர் ஒருவர், கடை முதலாளிகளைத் தவுக்கே என்று கூப்பிடுகிறவர், என்னிடம் அடிக்கடி சொல்வார்: "வெலமேல கோவப்படாதீங்க தவுக்கே, அது தபால்காரன் மாதிரி. எங்க ஆளு காத்துக்கிட்டு நிக்குதுன்னு சேதி சொல்லிட்டுப் போவுது." அந்த ஐந்து மணி மோட்டார்கள் எத்தனையோ வருஷமாகச் சேதி சொல்லிக்கொண்டுதான் போயின. காதில் வாங்கியவர் அந்தப் பெண் ஒருவர்தான். இன்று அவர் கடையில் அவரோடு வேலை இழந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள். இது நடந்த கணக்கு, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சந்தையால் நன்மை அடைந்தவர்கள் எனக்கு முகம் தெரியாத கூட்டம், ஹெல்மெட்டுக்குள் இருக்கிறவர்கள். அடி வாங்கியவன் முகம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சரியானதைத்தான் செய்தேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லமுடியும். கையை வைக்கிற இடத்தில்தான் வலிக்கிறது.

அவன் வாடிக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக மூலைக் கடைக்குப் போக, இரண்டு வருஷத்தில் அவன் கடையை மூடிக்கொண்டு கோத்தா திங்கிக்கே திரும்பிப் போய்விட்டான். அவன் போன ஆறாவது மாதம் என் கடைக்கு நேர் எதிரே குளிரூட்டின மினிமார்ட் ஒன்று திறந்தது. வரிசைக்காரர்கள் என்னிடம் வந்து கடிதம் எழுதச் சொன்னார்கள், என் பிழைப்புக்காக. நான் எழுதவில்லை. அரிசி மூட்டைகளைக் குறைத்துவிட்டு, மிளகாயும் மல்லியும் கண்முன்னால் அரைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். ஏதோ ஓடுகிறது. நான் சொன்ன சொல் மாறவில்லை என்று பார்க்க அவன்தான் அங்கே இல்லை.

அம்மா போன வருஷம் இறந்தார். அவனுக்குச் சேதி சொல்லி அனுப்பினேன். மாலை வாங்காமல் மதியம்வரை காத்திருந்தேன். உறவுக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மூலைக் கடைப் பெண்ணே மாலையைக் கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, காசு வேண்டாம் என்று அழுதார். நல்ல மாலை. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அம்மா எழுந்து உட்காரவில்லை.

வருஷத் திதிக்கு அம்மா படத்துக்குப் பூ வாங்க நான் கோத்தா திங்கிக்குப் போனேன். பெர்மாஸ் ஜெயாவில் பூ இல்லாமலா? போனேன், அவ்வளவுதான்.

காலைச் சந்தையில் ஆற்றோரத்துப் பக்கம் அவன் மேசை இருந்தது. அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கே கடை போட்டுவிடுகிறான் என்று பக்கத்து மீன்காரர் சொன்னார். மேசையில் கைப்பேசியில் பணம் கட்டுவதற்கான அட்டைகூட நின்றது. முடி நரைத்திருந்தது, விரல்கள் பழைய வேகத்தில்தான் ஓடின. அவனுக்கு நல்லபடியாக நடக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், நம்புங்கள்.

மேசை முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தான். யார் என்று தெரிந்துகொண்டான்.

"இன்னும் போணி ஆகலண்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அண்ணே. எனக்கும் அவனுக்கும் பதினோரு நாள்தான் வித்தியாசம், அவன்தான் மூத்தவன். என் வலக்கையைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு தள்ளி நின்றேன். பள்ளிச் சீருடையில் இருந்த மகளைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மா வந்து இரண்டு முழம் கேட்டார். அவர் நீட்டிய காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பூவை அளந்தான், நாலு விரற்கடை விட்டு நறுக்கினான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "எத்தன மொழம்ணே?"

"மூணு."

முழங்கையிலிருந்து விரல் நுனி. முழங்கையிலிருந்து விரல் நுனி. முழங்கையிலிருந்து விரல் நுனி. சரியாக அந்த இடத்தில் கத்தரிக்கோல். ஒரு மொட்டுக் குறையவில்லை, ஒரு மொட்டுக் கூடவுமில்லை. மற்றவர்களிடம் வாங்கும் அதே விலைதான் என்னிடமும். அவன் ஏமாற்றியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசிய நேர்மையான வியாபாரம் இதுதான். பிடிக்காதவனுக்கும் அளவு குறையாது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

காசைக் கொடுத்துவிட்டு, போகமுடியாமல், சொன்னேன்: "அம்மா படத்துக்கு."

பையைக் கட்டிக்கொண்டிருந்த அவன் கை நின்றது. கீழே குனிந்தான், வாளியிலிருந்து ஒரு சரத்தை உருவினான். அளக்கவில்லை. வாழையிலைத் துண்டில் தனியாகச் சுற்றி, அந்தப் பையில் போடாமல், மேசையின் ஓரத்தில் வைத்தான்.

"இது அம்மாவுக்கு," என்றான். "ஒங்களுக்கு இல்ல."

அடுத்து நின்றவரைப் பார்த்து, எத்தனை முழம் என்று கேட்கத் தொடங்கிவிட்டான். நான் அந்தப் பொட்டலத்தை இடக்கையால் எடுத்துக்கொண்டு வந்தேன்.