கொட்டாம்பட்டி எம்புட்டுத் தூரம்

கல்யாணமான நாளிலிருந்து முப்பத்தோரு வருடமாக என் மனைவிக்கு ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுத்து வருகிறேன். அவள் ஒரு தடவைகூட ஜன்னலுக்கு வெளியே பார்த்ததில்லை. பஸ் கிளம்புவதற்கு முன்பே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் பாலித்தீன் பை, தலை என் தோளில். எனக்கோ வேடிக்கை பார்ப்பதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவள் தலைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி நீட்டி யானைமலையையும் வயலையும் பார்த்தபடி வருவேன். இது என்ன நியாயம் என்று மனசுக்குள் முணுமுணுத்தே இத்தனை வருடத்தை ஓட்டிவிட்டேன்.

அவளுக்கு வண்டி ஆகாது. பஸ் ஏறுகிற நாளில் காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டாலும் வாந்தி வரும். டீசல் வாடை போதும், யாரோ தலையில் சூடிய மல்லிகை போதும், பின் சீட்டில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்தால் போதும். பை தயாராக இருந்தாலும் அவசரத்தில் ஜன்னல்தான் கைகொடுக்கும். மேலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிற ஐந்து நிமிடத்தில் நான் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி, ஜன்னலுக்குக் கீழே பஸ்ஸின் வெளிப்புறத்தைக் கழுவிவிடுவேன். ஒரு தடவை கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்பிடியே முன்னாடி கண்ணாடியையும் தொடச்சு விட்டுருங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவளும் கண்ணை மூடியபடியே சிரித்தாள்.

கண்ணை மூடியிருந்தாலும் வண்டி எங்கே போகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. ஒத்தக்கடை வந்தால் ஹாரன் சத்தம் கூடும். மேலூர் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது ஒரு குலுக்கல், உடனே வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்களின் குரல். அதற்கப்புறம் பஸ் ஒரே சீராக ஓடும், காற்றில் சூடு ஏறும். "கொட்டாம்பட்டி வருது, பைய எடுத்து வைங்க" என்பாள். சொல்லி ரெண்டு நிமிடத்தில் கண்டக்டர் விசில் அடிப்பார். ஒத்தக்கடைக்கும் மேலூருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்டால், "ரெண்டு வளைவு, ஒரு பள்ளம்" என்பாள். அவளுக்குத் தெரிந்த ரோடு அவ்வளவுதான்.

கொட்டாம்பட்டியை ஒட்டியுள்ள ஒரு சின்ன ஊர்தான் அவளுடையது. அப்பா இல்லை. அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டு, களையெடுத்து, இவளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைத்து, மதுரையில் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த எனக்குக் கட்டிக்கொடுத்தார். பொங்கலுக்கு ஒரு தடவை, ஊர்த் திருவிழாவுக்கு ஒரு தடவை, ஆக வருடத்துக்கு ரெண்டு தடவை அம்மாவைப் பார்க்கப் போவாள். ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர்ந்ததும் அரைநாள் படுத்தே கிடப்பாள். எழுந்து ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றிய பயம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவிடமிருந்து போன் வரும். "எப்பத்தா வார?" என்று ஆரம்பிப்பார். இவள் பதில் சொல்வதற்குள் அவரே, "வேணாந்தா. அம்புட்டுத் தூரம் கொடலப் பிடுங்கிக்கிட்டு வரணுமாக்கும். நீ செரமப்படாத, நல்லா இரு" என்று முடித்துவிடுவார். முட்டி நன்றாக இருந்தவரை அவரே கீரைக்கட்டும் மொச்சையும் தூக்கிக்கொண்டு வந்து போனார். முட்டி போனபிறகு போன் மட்டும்தான். ரெண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்தது சென்னையில். மூன்று வருடமாகியும் என் மனைவி அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. குடித்தனம் வைக்கப் போனபோது ரயிலில் முயன்று பார்த்தோம். திண்டுக்கல் தாண்டுவதற்குள்ளேயே ஆள் துவண்டுவிட்டாள். திருச்சியில் இறங்கி, குளுக்கோஸ் ஏற்றி, அப்படியே திரும்பிவிட்டோம். வருடத்துக்கு ரெண்டு தடவை மகள்தான் வந்துபோவாள். "என் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னுகூட உனக்குத் தெரியாதும்மா" என்று ஒருநாள் போனில் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். இவள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

போன ஐப்பசியில் மகளுக்கு ஐந்தாம் மாதம். கர்ப்பப்பை பலவீனமாக இருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், பிரசவம் வரைக்கும் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வழியில்லை. மகளே போன் பண்ணினாள். "அத்தை வந்து கூட இருக்கேன்னு சொல்லியிருக்காங்கம்மா. அம்புட்டுத் தூரம் நீ வர வேணாம், செரமப்படாத."

போனை வைத்துவிட்டு இவள் வெகுநேரம் அடுப்படியில் நின்றாள். அம்மா சொன்னதையேதான் மகளும் சொல்கிறாள் என்பது எனக்கே உறைத்தது, அவளுக்கு உறைக்காமல் இருக்குமா. வெளியே வந்து, "பிளைட்டுல போவம்" என்றாள்.

"பிளைட்டுலயும் வந்தா?"

"பாதியில எறங்க முடியாதுல்ல. அப்ப அதுதான் சரி."

டிக்கெட் எடுத்ததும் வழக்கம்போல் அவளுக்கு ஜன்னல். இறக்கையில் விசிறி சுழல்கிற சின்ன விமானம், காலை நேரம். ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டுப் பையைத் துழாவினாள். உள்ளே ஒரு காகிதப் பை இருந்தது. அது எதற்கென்று நான் சொன்னதும் அவள் முகத்தில் அப்படியொரு தெம்பு. "நம்மள மாதிரி ஆளுகளும் வருவாக போல" என்றாள். அப்புறம் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தெறக்காதா?" என்று கேட்டாள். தெறந்தா நாம போயிருவோம் என்றேன். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, என் தோளில் சாய்ந்தாள்.

விமானம் ஓடியது, எழும்பியது. நான் அவள் உள்ளங்கையைப் பிடித்திருந்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும். அவள் உடம்பு விறைத்தது.

"ஏங்க, எங்க போய்க்கிட்டு இருக்கோம்?"

"இப்பத்தான கெளம்பியிருக்கு."

"ஒண்ணுமே தெரியலயே. திரும்புதா, நேராப் போகுதா?"

குலுக்கல் இல்லை, விசில் இல்லை, விற்கிறவர்கள் குரல் இல்லை. எஞ்சினின் ஒரே இரைச்சல்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவள் இதுவரை எந்த வண்டியிலும் போனதில்லை. அந்தப் பயம் வாந்திப் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. சட்டென்று கண்ணைத் திறந்துவிட்டாள்.

கிழக்கே எழும்பிய விமானம் அந்த நேரத்தில் இடது பக்கம் சாய்ந்து திரும்பியது. ஜன்னல் முழுக்கத் தரை. அவள் பின்வாங்கவில்லை. மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்தாள்.

"அது தெப்பக்குளமா? நடுவுல மண்டபம் இருக்கு."

"அதேதான்."

"கோயில் எங்க?"

காட்டினேன். கோபுரங்கள் வீடுகளுக்கு நடுவே சின்னச் சின்னதாக நின்றன. ஆற்றில் ஒரு ஓரமாக மட்டும் தண்ணீர் ஓடியது. யானைமலை வந்தது. இத்தனை காலம் அதன் அடிவாரத்தில் எத்தனையோ தடவை வாந்தியெடுத்திருக்கிறாள், மலையை முழுசாகப் பார்ப்பது இப்போதுதான். "இம்புட்டு நீளமா" என்றாள். மலைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையைக் காட்டியதும், "அந்தப் பள்ளம் எங்க?" என்று தேடினாள். மேலிருந்து பள்ளம் தெரியாது என்றேன். அது அவளுக்கு ஏமாற்றம்தான்.

மேலூர்ப் பக்கம் கால்வாய்ப் பாசன வயல்கள் பச்சையாக விரிந்தன. நடுநடுவே கல்குவாரிகள், சதுரம் சதுரமாக வெட்டப்பட்டு, அடியில் பாசி நிறத் தண்ணீரோடு கிடந்தன. அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எலுமிச்சம்பழம் மடியில் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. எனக்கு ஜன்னல் இல்லாத குறையே அன்றைக்குத் தெரியவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்து என்ன வரும்?"

"கொட்டாம்பட்டி. அந்தா, ரெண்டு கரட்டு மலையும் ரோடும் தெரியுதுல்ல, அங்கதான்."

"அதுக்குள்ளயா?"

குனிந்து கீழே பார்த்தாள். நிரம்பிய கண்மாய் ஒன்று வெயிலில் பளபளத்தது. அதன் கரையை ஒட்டி ஓட்டு வீடுகளும் கான்கிரீட் போட்ட தார்சு வீடுகளும். அதுதானா அவள் ஊர் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவளுக்குச் சந்தேகமில்லை. பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். மதுரை இன்னும் மறையவில்லை. யானைமலையும் அதற்கப்பால் வீடுகளின் வெள்ளையும் லேசான புகைக்குள் தெரிந்தன. அவள் கண்ணாடியில் கட்டைவிரலை மதுரை மேல் வைத்து, ஆள்காட்டி விரலைக் கண்மாய் மேல் வைத்தாள். விரலை முழுதாக விரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"இம்புட்டுப் பக்கத்துலயாங்க எங்கம்மா இருந்துச்சு?"

அவள் விரலை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள். சத்தமில்லை. கண்ணாடியில் அவள் மூச்சு பட்டுப் பட்டு ஊர் மங்கியது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

ஒரு விஷயத்தை நான் இதுவரை சொல்லாமல் ஒளித்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் போனால் அவளுக்கு வாந்தி வராது. முகத்தில் காற்றுப் பட்டால் போதும், தெம்பாக இருப்பாள். திருப்பரங்குன்றம், அழகர்கோவில் என்று எத்தனையோ தடவை என் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்திருக்கிறாள். சில சனிக்கிழமைகளில் மெதுவாகக் கேட்பாள். "நாளைக்கு வண்டியிலயே ஒரு எட்டு எங்கம்மாவப் பாத்துட்டு வந்துருவமா?" அந்த ரோட்டில் லாரிகள் பேய் மாதிரி வருகின்றன என்பேன். இடுப்பு தாங்காது என்பேன். வெயில் என்பேன், மழை என்பேன். உண்மையான காரணம் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறும் அதற்கு மேல் ஒரு தூக்கமும்தான். ஒன்றரை மணி நேரத்து ரோடு. அவளுக்கு ஆகாத பஸ்ஸைச் சாக்காக வைத்து நான் தப்பித்துக்கொண்டே இருந்தேன். நாளாக ஆக அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அம்மா ரொம்பத் தூரத்தில் இருக்கிறார் என்பதை நாங்கள் மூன்று பேருமே நம்பத் தொடங்கிவிட்டோம்.

அந்த ஜன்னலில் அவள் விரல்கள் அளந்து காட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"வண்டியில கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றேன். "நாந்தான் சோம்பேறித்தனப்பட்டுட்டேன்."

"தெரியும்" என்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் கண்மாய் பின்னுக்குப் போய் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பயந்துக்கிட்டு சும்மா இருந்துட்டேன்" என்றாள் கடைசியில். "வாந்திதான. எடுத்துட்டுப் போய்ப் பாத்திருக்கலாம். செத்தா போயிருவேன்."

அதற்கப்புறம் மேகம் வந்து மூடிக்கொண்டது. அவள் என் தோளில் சாய்ந்தாள், ஆனால் கண்ணை மூடவில்லை.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. சென்னையில் இறங்குவதற்கு முன் விமானம் ரெண்டு தடவை தூக்கிப்போட்டதில், அந்தக் காகிதப் பை நிறைந்தது. என்னிடமிருந்த பையும் நிறைந்தது. விமான நிலையத்திலிருந்து மகள் வீட்டுக்குப் போகும் டாக்ஸியைப் பாலத்தில் ஒரு தடவை, சிக்னல் தாண்டி ஒரு தடவை நிறுத்தினோம். டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்றாவது மாடி வரை அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நடுவில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

மருமகன் கதவைத் திறந்தார். உள்ளறையில் மகள் இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், இவள் ஓடிப்போய்த் தோளை அமுக்கிப் படுக்கவைத்தாள். மகளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"வேணாம்னு சொன்னேன்ல. மூஞ்சியப் பாரு, வெளிறிப்போய் நிக்கிற. ஏம்மா இம்புட்டுத் தூரம்..."

"தூரமெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்றாள் இவள். கட்டிலோரம் உட்கார்ந்து மகள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நான் மேலருந்து பாத்துட்டேன். எல்லாம் பக்கந்தான். இனி நீ வேணாம்னாலும் வருவேன்."

முந்தானை முழுக்க வாந்தி வாடை. வீட்டில் தாளிக்கிற வாடைகூடத் தனக்கு ஆகவில்லை, அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சமைக்கிறார்கள் என்று போன வாரம்தான் மகள் போனில் சொல்லியிருந்தாள். அவள் அந்த முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.