பக்கத் தையலில் ஒரு ஜிப்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு இஸ்திரி என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் வாய் வராது. "இஸ்திரி, அந்த வெள்ளி ஃப்ரேமை எடு." "இஸ்திரியைக் கேளு, அவளுக்குத் தெரியும்."

மூக்குக் கண்ணாடி விற்கிற கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடிதான். மற்றவர்கள் பழகிப்போய்த் தங்களைப் பார்ப்பதை விட்டிருந்தார்கள். அவள் விடவில்லை. காலர் ஒரு பக்கம் மடங்கினால் போதும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டே விரலால் நீவிவிடுவாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள், பின்பக்கம் கசங்கும் என்று.

"உக்காந்தா உடைஞ்சிடுவியா?" என்று லென்ஸ் வெட்டுகிறவர் கேலி செய்வார்.

"உடையறது உங்க டிபார்ட்மெண்ட் சார். கசங்கறது என்னோடது."

பெரியம்மா பெண்கள் மூன்று பேருக்குக் கீழே வளர்ந்தவள் அவள். எந்த உடுப்பும் அவளிடம் வந்து சேரும்போது முழங்கையில் நைந்து, வேறொருத்தியின் உடம்புக்குப் பழகித்தான் வரும். வேலைக்கு வந்தபின் தனக்கென்று அளவெடுத்து ஒரு சட்டை தைத்துக்கொண்டாள். தோள் தையல் தன் தோளிலேயே வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தாள். அன்றையிலிருந்து அவளுக்கு உடுப்பு என்பது உடம்பை மூடுகிற சமாச்சாரம் இல்லை. தான் இன்னாருடைய மிச்சம் இல்லை என்று ஊருக்குச் சொல்கிற வழி.

கல்யாணமாகிப் பாப்பா பிறந்ததும் அதெல்லாம் அலமாரிக்குள் போயிற்று. முன்பக்கம் ஜிப் வைத்த இரண்டு நைட்டி, மாற்றி மாற்றி. காலையில் போட்டது மத்தியானத்துக்குள் பாலில் ஊறி, சாயங்காலம் காய்ந்து அட்டை மாதிரி விறைத்து நிற்கும். தன்மேல் வருகிற புளித்த வாசனை அவளுக்கே குமட்டியது. பாப்பாவுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. மூக்கை அந்தத் துணியில் தேய்த்துத் தேய்த்து, கண்ணைத் திறக்காமலே வழி கண்டுபிடித்துவிடும்.

"வீட்லதானே இருக்க? யாரு பாக்கப்போறா?" என்றான் புருஷன். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். அவன் சட்டையையும் அவள்தான் தேய்த்துக் கொடுப்பாள்.

"நான் பாக்கறேனே."

கடை முதலாளியம்மா ஒருநாள் பழக்கூடையோடு குழந்தையைப் பார்க்க வந்தாள். கதவைத் திறந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ள அவ இருக்காளாம்மா?" என்று அவளிடமே கேட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள். முதலாளியம்மா போனபிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுது தீர்த்தாள்.

அன்று ராத்திரி புருஷனிடம் சொன்னாள்: "நான் வேலைக்குப் போகணும். ஆனா பாப்பா என்கிட்டதான் குடிக்கணும். எனக்கு ரெண்டும் வேணும்."

"ரெண்டும் எப்படிடி?"

"எப்படியோ."

வழி சொன்னவள் புருஷனின் அக்கா. அவள் வீடு கடைக்குப் பின்தெருவிலேயே இருந்தது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விட, தனியாக இருந்தவள். "என்கிட்ட விட்டுட்டுப் போ. எனக்கென்ன வெட்டி முறிக்கிற வேலை, டி.வி.யோட சண்டை போடறதுதானே? மத்தியானம் ஓடி வந்து குடுத்துட்டுப் போ. நடுவுல அழுதா நீ எடுத்து வச்சதை பாட்டில்ல குடுக்கறேன்."

"ரொம்பக் கஷ்டம் அண்ணி உங்களுக்கு."

"அடப் போம்மா. எம் புள்ளைங்க ரெண்டையும் வளத்தப்ப எவ வந்து கஷ்டமான்னு கேட்டா?"

அவள் நேராகத் தையல்காரியிடம் போனாள். பல வருஷப் பழக்கம். கேட்டதெல்லாம் விசித்திரமாக இருந்தது. பால் கொடுப்பதற்காகத் தைத்தது என்று வெளியே தெரியக்கூடாது. ஒரு கையில் பாப்பா இருக்கும், ஆகவே மற்ற ஒரு கையாலேயே திறக்கணும், மூடணும். திறந்தாலும் வயிறு தெரியக்கூடாது. இடுப்பு பிடித்தமாக இருக்கணும், ஆனால் ஆபரேஷன் தையல் இன்னும் ஆறாத வயிற்றை அழுத்தக்கூடாது.

"திருட்டுக் கதவு கேக்கறே," என்றாள் தையல்காரி, ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே.

"திருட்டுக் கதவுதான். ஆனா அழகா இருக்கணும்."

இரண்டு பேரும் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டு ஒன்று கண்டுபிடித்தார்கள். தோளிலிருந்து மார்பு வழியாக இடுப்புக்கு இறங்குகிற இரண்டு நீளத் தையல்களுக்குள் ஜிப். ஜிப்பின் பல் பாப்பாவின் கன்னத்தைக் கீறாமல் பின்னால் மெல்லிய பருத்திப் பட்டை. நெஞ்சுப் பக்கம் உள்ளே இரட்டைத் துணி, ஊறினாலும் வெளியே வராமல். கருநீலத்தில் சின்னப் பூப்போட்ட துணி, ஈரம் பட்டாலும் தெரியாத நிறம். மூன்றாவது டாப்ஸுக்கு மட்டும் அவள் வெளிர்ப்பச்சை எடுத்துக் கொடுத்தாள். தையல்காரி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆசை யாரை விட்டது?

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் லென்ஸ் வெட்டுகிறவர் எழுந்து நின்று, "வந்துட்டாய்யா நம்ம இஸ்திரி!" என்றார். ஜிப் சமாச்சாரத்தைக் கேட்ட முதலாளியம்மா அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எங்கடி ஜிப்பு?" என்று தேடித் தோற்றாள். இஸ்திரிக்குத் தரையில் கால் பாவவில்லை. மத்தியானம் அண்ணி வீட்டில், பாப்பா ஒரு கையில் இருக்க மறுகையால் சர்ரென்று இழுத்தாள். பாப்பா கொஞ்சம் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். ரெண்டும் கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள்.

வெளிர்ப்பச்சை மட்டும் காலை வாரிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு போன அன்று ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பியைச் சரிசெய்து கொண்டிருந்தாள். கடை வாசலில் யாருடைய குழந்தையோ வீறிட்டது. அவ்வளவுதான், அவளுக்கு நெஞ்சில் ஊசி ஊசியாகக் குத்தி, இரட்டைத் துணியையும் மீறி நனைந்தது. எதிரே கண்ணாடியில் இரண்டு வட்டம் விரிவதை அவளும் பார்த்தாள், பெரியவரும் பார்த்தார். அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு, "இது இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நீ போயிட்டு வா, நான் உக்காந்திருக்கேன்," என்றார்.

கண் பரிசோதிக்கிற இருட்டு அறையில் பம்ப் வைத்துப் பாலை எடுத்தாள். சுவரில் வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போயிற்று. எடுத்த பாலை மறுநாள் அண்ணியிடம் கொடுப்பாள். அந்தப் பாலை பாப்பா தொடவே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. பாட்டிலைக் கண்டாலே பாப்பா முதுகை வில்லாக வளைத்து, முகம் கறுக்கிற மட்டும் அழுதது. அண்ணி சொல்லவில்லை. சொன்னால் இவள் வேலையை விட்டுவிடுவாள், மறுபடி நைட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்தாள்.

அப்புறம் ஒருநாள் அண்ணி வாசலிலேயே நின்று சொன்னாள்: "இன்னிக்கு சமத்தா குடிச்சிட்டா! பாட்டிலைக் காலி பண்ணிட்டுத்தான் விட்டா."

"அப்பாடா," என்றாள் இவள்.

அந்த வாரத்திலேயே பாப்பா மத்தியானம் இவளிடம் முகத்தைத் திருப்ப ஆரம்பித்தது. முதலில் தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். பிறகு சாயங்காலமும் திருப்பியது. வாயைக் கொண்டுவந்து வைத்து, ஒரு இழுப்பு இழுத்து, விட்டுவிட்டு அழும். நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். விரல் அளவு கை, அதற்கு அவ்வளவு பலம்.

உடுப்புதான் காரணம் என்று முடிவு கட்டினாள். ஜிப் குளிர்கிறதோ? தையல்காரியிடம் ஓடி, பட்டையை இன்னும் அகலமாக வைத்துத் தைத்து வாங்கினாள். துணி உறுத்துகிறதோ? லைனிங்கை மாற்றினாள். பவுடரை நிறுத்தினாள். சோப்பை மாற்றினாள். துவைத்ததை இன்னும் ஒரு தடவை அலசினாள், இன்னும் அழுத்தித் தேய்த்தாள். எவ்வளவு சுத்தமாகப் போய் நின்றாளோ அவ்வளவு வேகமாகப் பாப்பா திரும்பிக்கொண்டது.

"உன் பால்தானே பாட்டில்ல குடிக்குது? அப்புறம் என்ன?" என்றான் புருஷன்.

இருட்டு அறையில் பம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வருவது நாளுக்கு நாள் குறைந்தது. பாப்பா இழுத்தால் வரும், இயந்திரம் இழுத்தால் வராது. அது போதாத நாளில் அண்ணி கரைத்துக் கொடுப்பது டப்பாப் பால்தான்.

கடையில் மின்சாரம் போன ஒரு நாள், முதலாளியம்மா எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டாள். அவள் அண்ணி வீட்டுக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணி எப்போதும் போடுகிற உடுப்பின் மேல் இவளுடைய பழைய நைட்டி. அக்குளில் இறுக்கி, முன்பக்க ஜிப் பாதியில் நின்றிருந்தது. பாப்பாவுக்குக் கீழே விரிக்கிற துணியாக இருக்கட்டும் என்று என்றைக்கோ இவளே பையில் போட்டுக் கொடுத்தது. பாப்பா அந்தத் துணியில் ஒரு கன்னத்தைப் பதித்து, ஒரு கையால் அதை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை இழுத்துக் கொண்டிருந்தது.

"என்ன அண்ணி இது?"

"வாம்மா. சத்தம் போடாத, குடிக்கறா." அண்ணிக்கு மறைக்க ஒன்றும் இருப்பதாகவே தோன்றவில்லை. "பாட்டிலைத் தொடவே மாட்டேன்னுட்டா இவ. பட்டினி கிடந்தா. உன் வாசனை இருந்தா ஏமாந்து குடிப்பான்னு எனக்குத் தோணுச்சு. துவைக்காம அப்படியே போட்டுக்கிட்டேன். பாரு, எம் மூளையை! அப்பவே பிடிச்சுக்கிட்டா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வேலையை விட்டுருப்ப."

அவள் பையைக் கீழே வைத்தாள். பாப்பா பாட்டிலின் மேலாக அவளைப் பார்த்தது. கடைக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

"அதைக் கழட்டிக் குடுங்க அண்ணி."

"குடிச்சு முடிக்கட்டும்மா."

"இப்பவே குடுங்க. நான் போட்டுக்கறேன். நான் போட்டுக்கிட்டா என்கிட்ட வருவா."

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலைப் பிடுங்கி வைத்து, பாப்பாவைக் கீழே கிடத்திவிட்டு, தலைவழியாக நைட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். பாப்பா அழத் தொடங்கியது. அவள் பக்கத்து அறைக்குப் போய், தேய்த்த டாப்ஸைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள். மடிக்கவில்லை. நைட்டியை மாட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது. அதில் அவள் வாசனை கொஞ்சமும் இல்லை. அண்ணி தடவுகிற மூட்டுவலித் தைலம், டப்பாப் பால், வியர்வை. மறுபடி யாரோ போட்டுப் பழகிய துணிக்குள் அவள் நின்றாள்.

பாப்பாவை வாங்கி நெஞ்சோடு சேர்த்தாள். பாப்பா அழுகையை நிறுத்தியது. மூக்கைத் துணியில் தேய்த்தது. பழைய நாட்களைப் போலவே தேய்த்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜிப்பை இறக்கினாள். பாப்பா வாய் வைத்தது, ஒரு தரம் இழுத்தது. விட்டுவிட்டு, அவள் தோளுக்கு மேலாக அண்ணியைத் தேடிக் கையை நீட்டி வீறிட்டது.

"இன்னொரு தடவை வச்சுப் பாரு," என்றாள் அண்ணி.

பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். நின்றுகொண்டு, நடந்துகொண்டு, பாட்டில் பாலைச் சொட்டு விட்டு. பாப்பாவின் அழுகை கேவலாகி, கேவல் விக்கலாகியது. அண்ணியும் அழுதுகொண்டிருந்தாள். "நான் நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன். சத்தியமா நல்லதுன்னுதான்..."

"தெரியும் அண்ணி."

தெரியும்தான். அண்ணி இல்லாவிட்டால் பாப்பா பட்டினி கிடந்திருக்கும். பாட்டிலில் மெனக்கெடாமல் பால் வருகிறது. நைட்டி இல்லாவிட்டாலும் ஒருநாள் பாப்பா அதற்குத்தான் போயிருக்கும் என்று மருந்தகத்தில் இருந்தவர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். யார்மேல் கோபப்படுவது என்று யோசிக்கக்கூட அப்போது நேரம் இல்லை. குழந்தைக்குப் பசி.

"அந்தப் பாட்டிலை எடுங்க," என்றாள்.

"நான் வேணா குடுக்கட்டுமா?"

"இல்ல. நான் குடுக்கறேன். எப்படிப் பிடிக்கணும்னு காட்டுங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாப்பாவின் தலையை இவள் முழங்கை மடிப்பில் சற்று ஏற்றி வைத்தாள். முதலில் உதட்டில் தொட வேண்டுமாம். தானாக வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டுமாம். பாப்பா முகத்தை இரண்டு தரம் திருப்பிவிட்டு, பசி தாங்காமல் பிடித்துக்கொண்டது. கண் மட்டும் அண்ணிமேலேயே இருந்தது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடி," என்றாள் அண்ணி. "காத்து போகுது பாரு."

அவள் சாய்த்துப் பிடித்தாள்.