ஜன்னலுக்கு வெளியே நான் போட்ட சண்டை

அன்று நெல்லித்தோப்பு வீட்டில் இருந்தது நானும் என் மகள் தீபாவும்தான். பக்கத்து வீட்டில் கஸ்தூரி. தீபா புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ் தேர்வை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தாள். பாஸானால்தான் பதவி உயர்வு. வேறு ஆள் குரல் கேட்டால், கேமரா வழியாகக் கண்காணிப்பவர்கள் தேர்வை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லியிருந்தாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். பரீட்சை என்றாலே உதறல். அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரி மிக்ஸியைப் போட்டாள். தீபாவின் ஜன்னலுக்கு வெளியே நின்று, "நிறுத்துடி, எம்பொண்ணு பரீட்சை எழுதறா" என்று கத்தினேன்.

"அதுக்கு நாங்க சட்னி அரைக்கக் கூடாதா? தெருவையே விலைக்கு வாங்கிட்டியாக்கா?" என்றாள் கஸ்தூரி.

நானும் விடவில்லை. தீபா அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

"மிக்ஸிக்கு ஒண்ணும் சொல்லலம்மா. உன் குரலைக் கேட்டுத்தான் நிறுத்திட்டாங்க."

போன வாரம் மறுபடி பணம் கட்டி எழுதினாள். நான் விடிந்ததுமே முதலியார்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். இனி அவளுக்கு எந்தத் தேர்வு என்றாலும் அப்படித்தான். முடிவு இன்னும் வரவில்லை.

"ரிசல்ட் வந்துச்சாக்கா? இல்ல, இதுவும் புட்டுக்கிச்சா?" என்று கஸ்தூரி தினமும் குத்துகிறாள். வாயை மூடிக்கொள்கிறேன். தேர்வுக் கட்டணத்துக்குத் தீபா கடன் வாங்கியது அவளிடம்தான். இன்னும் ஒன்பதாயிரம் ரூபாய் பாக்கி.