திருநீறும் நியோபியமும்

துபாயில் எங்கள் கம்பெனி மீக்கடத்தி, அதாவது சூப்பர் கண்டக்டர், சிப் செய்கிறது. இரண்டு நியோபியம் படலங்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாத அலுமினிய ஆக்சைடு தோல் ஒன்றை வைத்தால் அது ஒரு சந்தி. ஒரே தட்டில் அப்படிப் பல்லாயிரம் சந்திகள். நடுவே தூசி விழுந்தால் தட்டே பாழ். சந்தி செய்பவர் டாக்டர் கௌரிசங்கர். தூசி துடைப்பவர் கார்மேகம். அந்தச் சுத்த அறைக்குள் நுழைய இவர்கள் இருவருக்கு மட்டும்தான் அனுமதி. ஸ்டோர் கீப்பரான நான் வாசலோடு சரி.

கார்மேகம் சிவகங்கைக்காரர், ஐம்பதை நெருங்குகிறார். ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பஸ் பிடித்து வருவார். வாசலிலேயே டாக்டர் மறிப்பார்.

"முகம் கழுவிட்டு வா. இது லேப், கோயில் இல்ல."

டாக்டருக்கு விஞ்ஞானத்தில் அப்படியொரு பிடிப்பு. ஆயுத பூஜைக்கு லீவு போட்டுப் பழனிக்குப் போய்வந்தவர் என்பதை, அவர் கொடுத்த பஞ்சாமிர்தத்தோடு சேர்த்து நாங்கள் விழுங்கிவிட்டோம்.

அவர் திரும்பிவந்த வாரம் சுத்த அறையில் புது மெஷின் ஓடத் தொடங்கியது. மூன்று வாரம், மூன்று தட்டு, மூன்றும் ஷார்ட். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சாம்பல் துகள். கேட்க வேண்டுமா? விசா கேன்சல் பாரத்தோடு கார்மேகத்தின் முன் வந்து நின்றார் டாக்டர்.

"இன்னொரு தட்டு போச்சுன்னா உன் விசா கலாஸ். வெள்ளிக்கிழமை ஃப்ளைட்."

"கழுவிட்டுத்தேன் சார் உள்ள போறேன்."

"அப்ப சாம்பல் வானத்துலேருந்தா விழுந்துது?"

கார்மேகத்தின் மகள் ஜோதிமணி நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. நான் ஸ்டோர் கணக்கைப் பார்க்கப் போய்விட்டேன். விசா எனக்கும் இருக்கிறதே!

அன்று முதல் கார்மேகம் திருநீறு பூசவில்லை. டார்ச்சோடு தரையில் படுத்து, மெஷினின் இண்டு இடுக்கெல்லாம் துடைத்தார். அடுத்த தட்டில் சந்திகள் அத்தனையும் வேலை செய்தன.

டாக்டர் எல்லோரையும் சுத்த அறை வாசலுக்குக் கூப்பிட்டார். கக்கத்தில் இன்னும் அந்தப் பாரம்.

"பாத்தீங்களா? இவன் மூடப்பழக்கத்த விட்டான், தட்டு தேறிடுச்சு!"

கார்மேகம் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே, டேப் ஒட்டியபடி கிழிந்துபோன பழனித் திருநீற்றுப் பொட்டலம்.

"மெஷினுக்குப் பின்னாடி ஒட்டியிருந்துச்சு சார். மெஷின் அதிரும்போதெல்லாம் உதிர்ந்திருக்கு. சாமி சமாச்சாரம், குப்பையில போட மனசு வரல."

'இது யாருடையது?' என்று அதட்டத்தான் டாக்டர் வாயெடுத்தார். அதற்குள் பாழாய்ப்போன கை முந்திக்கொண்டது. கவரைப் பிரித்து, பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றி, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டுவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. கக்கத்துப் பாரத்தை மெல்ல உருவி நான்தான் கிழித்தேன். டாக்டர் அறைக்குள் நுழையப் போனார். கார்மேகம் கதவை மறித்து நின்றார்.

"முகம் கழுவிட்டு வாங்க சார்."