கிணற்றுக் கட்டில் அப்பாவை மறித்தேன்

மூன்று வருடங்களுக்கு முன், கடும் வெயில் காலத்தில் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வெங்காயத் தோட்டம். எனக்கு வேலை அவுஸ்திரேலியாவில், ஆழமான ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில். உள்ளே காற்று ஒழுங்காக ஓடுகிறதா, நச்சுவாயு கூடுகிறதா, வெக்கை எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. நான் சரி சொன்னால்தான் ஆட்கள் உள்ளே போகலாம்.

அன்று காலை நான் தோட்டத்துக்குப் போனபோது, அப்பாவும் தம்பியும் தண்ணீர் கீழே போய்விட்டதென்று மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெஷினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிட்டிருந்தார்கள். குழாயைச் சரிசெய்யத் தம்பி இடுப்பில் கயிறு கட்டி இறங்கியிருந்தான்.

"தலை சுத்துது" என்று அவன் சொன்னது கேட்டது. எட்டிப் பார்த்தேன். சுவரோடு சரிந்து கிடந்தான்.

மெஷின் புகைதான் என்று உடனே விளங்கிவிட்டது. அவனது கயிற்றை இழுத்தோம். அது மெஷினில் சிக்கி அசையவில்லை. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டில் ஏறினார். பின்னாலிருந்து அவரை இறுகப் பிடித்தேன்.

"விடடா! உள்ளுக்கை கிடக்கிறது என்ரை பிள்ளை!"

"இறங்கினா நீங்களும் விழுந்திடுவியள் அப்பா. கீழை இருக்கிறது நஞ்சுக் காத்து!"

திரும்பி என் கன்னத்தில் அறைந்தார். நான் விடவில்லை. காப்பாற்ற ஓடுபவர்தான் அடுத்த பிணம் என்று சுரங்கத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் அன்று என் கால்களும் இறங்கத்தான் துடித்தன.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து அண்ணையும் அவரது மனைவியும் ஓடிவந்தார்கள்.

"முதல்லை மிசினை இழுங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

அவர்கள் இருவரும் இழுக்க, மெஷின் மேலே ஏற ஏறத் தம்பியின் கயிறு விடுபட்டது. அதைக் கண்டதும் அப்பா என் பிடியை உதறிப் பாய்ந்து, அதைப் பற்றி இழுக்கத் தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன். மேலே வந்த தம்பிக்கு மூச்சு மட்டும் மெல்லியதாக ஓடியது.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். பின்னேரம் அவன் கண் விழித்து எங்களை அடையாளம் கண்டான். அதுவரை என் முகத்தைப் பாராதிருந்த அப்பா, கிட்ட வந்து என் கன்னத்தைத் தடவினார்.

"நொந்ததோடா?"

"இல்லையப்பா" என்றேன்.

செய்தது சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கயிறு விடுபடாமலே இருந்திருந்தால், இன்னும் எவ்வளவு நேரம் அப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.