முழு எண்களில் முந்திய கணினி

தொண்ணூறுகளின் நடுவில், நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே மனுகா நகரில் கணினி படித்துக்கொண்டிருந்த எனக்கு, எந்தக் கணினியைக் கண்டாலும் அதன் வேகத்தை அளக்கும் வியாதி இருந்தது. இருபது வரியில் ஒரு நிரல் எழுதிப் பிளாப்பியில் போட்டு வைத்திருந்தேன். அது ஐந்து கோடி முறை கூட்டிப் பெருக்கி, எத்தனை விநாடி ஆனது என்று சொல்லும். பிறந்தநாள் விருந்துக்குப் போன வீடுகளிலும், கேக் வெட்டுவதற்குள், யாரும் கேட்காமலேயே ஓட்டிப் பார்ப்பேன்.

ஒரே ஒருவர்தான் கேட்டார். அம்மாவின் தோழியின் மகள், த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த அக்கா. கொழும்பில் கட்டட வரைபடம் வரைந்தவர், இங்கே கடையில் காசாளர். ஒரு கட்டட நிறுவனம் அவரை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. கணினியில் வரைந்த மூன்று வரைபடங்களோடு போக வேண்டும். பத்து நாள்தான் இருந்தது. தெரிந்தவர்களின் வீடுகளில் இரண்டு பழைய கணினிகள் விலைக்கு இருந்தன.

"நீர் படிச்ச பிள்ளை. எது நல்லது எண்டு பாத்துச் சொல்லும்."

அட்டவணை போட்டேன். இரண்டிலும் நிரலைப் பத்து முறை ஓட்டினேன். அறைச்சூடு முடிவைப் பாதிக்கக்கூடாது என்று ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன்; அது ஜூலை மாதம், எங்கள் ஊரில் நடுக்குளிர்காலம். மனுரேவா பகுதியில் ஒரு வீட்டில் இருந்த கணினிக்கு நாற்பத்தொரு விநாடி. மலேசியத் தமிழர் ஒருவரின் வீட்டில் இருந்ததற்கு ஐம்பத்துநான்கு.

"என்னம்மா, பாஸா பெயிலா?" என்று அவர் சுவெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு கேட்டார்.

"கொஞ்சம் மெதுவா இருக்கு, அங்கிள்," என்றேன், கெட்ட செய்தி சொல்லும் மருத்துவரின் குரலில்.

அக்கா மனுரேவா கணினியை வாங்கினார். வரைபட மென்பொருளை ஏற்றினோம். தசமக் கணக்கு போடும் வசதி இந்தக் கணினியில் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு அது நின்றுபோனது.

அன்றைய மலிவான சில்லுகள் சிலவற்றில் அந்த வசதி இருக்காது. கோடும் வளைவும் வரைய அது இல்லாமல் முடியாது. மெதுவான கணினியில் அது இருந்தது. என் நிரலோ முழு எண்களை மட்டுமே கூட்டியது. சராசரிகளை இரண்டு தசம இடங்களுக்கு எழுதியிருந்தேன். அந்தப் பரிசோதனையில் தசமம் இருந்த ஒரே இடம் என் அட்டவணைதான்.

அக்கா திரையைப் பார்த்தபடி இருந்தார். "ஓம், வேகமான கம்ப்யூட்டர்தான். ஏலாதெண்டு உடனேயே சொல்லுது."

ஆறு நாள் மீதி இருந்தது. அங்கிளிடம் சொல்ல வேண்டியதை நான்கு குறிப்புகளாக எழுதி வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தேன். முதல் குறிப்பையே முடிக்க விடவில்லை.

"பெயிலான கம்ப்யூட்டரை யாரும்மா வாங்குவா? இங்கதான் இருக்கு. அவங்கள இங்கேயே வந்து வரையச் சொல்லு."

தினமும் கடை முடிந்ததும் அக்காவைக் காரில் அங்கே கொண்டுபோய் விட்டேன். அவர் ஒரு படிக்கட்டைத் திருத்தினால் திரை முழுவதும் மீண்டும் கோடு கோடாக வரும்வரை காத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விநாடிகளை எண்ணாமலிருக்கப் பழகினேன். கடைசி நாள் மூன்றாவது வரைபடம் முடிந்தது.

நேர்முகத்தன்று காரில் காத்திருந்தேன். ஆறுதல் சொல்ல ஏழு வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். அக்கா வந்து ஏறி, பெல்ட்டைப் போட்டார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கினம்."

கொஞ்ச தூரம் போனதும், அவர்களிடம் என்ன கணினி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டும்," என்றார் அக்கா.